விடத்தல் பூவும் சுபைதா மாமியின் படலையும்

அஸ்ஸலாமு அலைக்கும் மகன். சுகம் விசாரிக்கும் பகுதியை இந்த முறை விட்டுவிடுகிறேன். நேற்றுத்தான் போனில் உன் முகத்தைப் பார்த்தேன், கலியாணக் களை கட்டி நன்றாகத்தான் இருக்கிறாய். எனக்கும் வாப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. எனக்கு வந்திருப்பது கோபம். கதைத்து முடித்த கையோடு நீ ஒரு செய்தி அனுப்பினாயே, அதைப் படித்ததிலிருந்து வந்தது. சுபஹுத் தொழுது எழும்பின பிறகும் அது போகவில்லை. "சுபைதா மாமி வீட்டுக்கு மட்டும் ஆரிட்டயாவது கார்ட்டக் குடுத்தனுப்புங்க உம்மா, நீங்களும் வாப்பாவும் போகவேணாம், பிறகு பழைய கதையெல்லாம் வரும்" என்று எழுதியிருந்தாய். பழைய கதையாம். போன வருடம் நடந்தது உனக்குப் பழைய கதையாகிவிட்டது. எனக்கு அடுப்படி யன்னலைத் திறந்தால் தெரிகிறது.

ஊரில் கலியாணம் எப்படிச் சொல்வார்கள் என்று நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. கார்ட் அடிக்கும் பழக்கம் வந்து கனகாலம். ஆனாலும் எத்தாளைப் பக்கத்தில் கார்ட்டைப் பார்த்து மட்டும் எவரும் கலியாண வீட்டுக்கு வந்ததில்லை. வீட்டுக்கு ஆள் போக வேண்டும். வாசலில் நின்று சலாம் சொல்லி, உட்காரச் சொன்னால் உட்கார்ந்து, தருகிற பிளேன்டீயைக் குடித்து, வாயால் சொல்ல வேண்டும். ஆளில்லாமல் கார்ட் மட்டும் போனால் அதற்கு ஒரே பொருள்தான், வந்துவிடாதே என்று பொருள். அது தெரிந்துதான் நீ எழுதினாய். தெரியாமல் எழுதியிருந்தால் நான் இவ்வளவு கொதித்திருக்க மாட்டேன்.

இதை ஏன் எல்லாரும் பார்க்கும்படி எழுதுகிறேன் என்று கேட்பாய். சுபைதா மாமியின் முள்வேலியைப் பிடுங்கிய அன்று நீயும் உன் கூட்டாளிகளும் எல்லாரும் பார்க்கும்படிதான் முகநூலில் போட்டீர்கள். மண் தோண்டும் பெக்கோ வண்டிக்கு முன்னால், கையுறை போட்டு, வரிசையாய் நின்று எடுத்த படம். "மண்ணின் எதிரியை வேரோடு அகற்றினோம்" என்று மேலே எழுத்து. மாஷா அல்லாஹ் என்று எழுதாத ஆளில்லை. நானும் நாலு பேருக்குக் காட்டினேன், பொய் சொல்லவில்லை. பிறகு அந்த இடத்துக்கு என்ன நடந்தது என்று நீ ஒரு வரி போட்டாயா? அந்த வரியைத்தான் நான் போடுகிறேன். உனக்கு மாமி, எனக்கு அக்கா முறை, சுபைதா ராத்தாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க, ஆனா புள்ளைய ஏசாதீங்க" என்றாள். முதல் பாதி எனக்குக் கேட்டது, மற்றப் பாதி கேட்கவில்லை.

வெளியூரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்காக ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். சுபைதா ராத்தா எங்களுக்குப் பக்கத்துக் காணி. அவள் புருஷன் கடலுக்குப் போகிறவர், தோட்டம் முழுக்க அவளுடையது. சின்ன வெங்காயம், மிளகாய், ஒரு ஓரத்தில் பீட்ரூட். கடல் பக்கத்திலும் ஒழுங்கைப் பக்கத்திலும் அவளுக்கு மதில் கிடையாது. ஆள் உயரத்துக்கு மேலே அடர்ந்து வளர்ந்த ஒரு முள்வேலி மட்டும் இருந்தது. யார் நட்டது என்று எவருக்கும் தெரியாது. அதன் நடுவே வாசல் கதவாக, இரண்டு பனங்குற்றிகளில் மாட்டிய ஒரு தகரப் படலை. அந்த முள்மரத்துக்கு எங்கள் வாயில் சரியான பெயர்கூட இருக்கவில்லை. "வேலிமுள்" என்போம், அவ்வளவுதான். பெயரில்லாத பொருளுக்கு யாரும் வந்து என்ன பெயரும் வைக்கலாம் என்பதை உன்னால்தான் நான் தெரிந்துகொண்டேன்.

நீ கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, அது எனக்குத் தெரியும். கிணறுகள் உப்பாகிக்கொண்டு வந்தன. ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கொழும்பிலிருந்து லீவில் வந்தும் சும்மா இருக்காமல் திரிந்தாய். அந்த நேரத்தில் உன் போனில் எந்நேரமும் ஓடியது இந்தியாவிலிருந்து வந்த வீடியோக்கள். ஒருவர் முள்மரத்துக்கு முன்னால் நின்று, இது சீமைக் கருவேலம், வெளிநாட்டுக்காரன் கொண்டுவந்தது, நிலத்தடித் தண்ணீரை உறிஞ்சுகிறது, வேரோடு பிடுங்குங்கள் என்று நல்ல தமிழில் பேசுவார். அவர் ஊரில் அது சரியாக இருக்கலாம். நம் உப்பளப் பக்கத்திலும் அந்த மரம் நிற்கிறது என்கிறார்கள், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் தமிழில் பேசினார் என்பதற்காக, அவர் காட்டிய மரம் கடல் தாண்டி வந்து சுபைதா மாமியின் வேலியில் நிற்க வேண்டுமா? அதே பாஷை, அதே முள், அதனால் அதே மரம் என்று முடிவு கட்டினாய்.

அன்றைக்கு வேலியில் பூ இருக்கவில்லை. மழை கண்டு கனநாள், இலைகூடப் பாதி உதிர்ந்து வெறும் முள்ளாய் நின்றது. நீ ஒரு கொப்பை முறித்து, போனை நீட்டிப் படம் எடுத்தாய். போன் நாலைந்து பெயர் சொன்னது. அதில் உனக்கு முன்னமே தெரிந்த பெயரை நீ எடுத்துக்கொண்டாய். நான் பக்கத்தில் நின்று, இது இரண்டு நிறத்தில் பூக்கிற மரமல்லவா, பூக்கிற மட்டும் பொறுத்துப் பார் மகன் என்றேன். நீ சிரித்தாய். "உம்மா, இது ஊரையே குடிக்கிற மரம். நான் போன்ல பாத்துட்டன், நீங்க சும்மா இருங்க" என்றாய். சும்மா இருக்கச் சொன்னது யாரை? அந்த மரத்தை நாற்பது மழைக்குப் பார்த்தவளை அல்ல, அதை விடு. அந்தப் பூவை உன் கையில் பார்த்தவளை.

ஓம், உன் கையில்தான். சின்ன வயதில் மழை முடிந்தால் நீ அந்த வேலியடியில்தான் கிடப்பாய். தலைகீழாகத் தொங்கும் அந்தப் பூவை, மேலே ரோசா நிறம், கீழே மஞ்சள், காம்போடு பறித்து வந்து உன் ராத்தாவின் காதில் தொங்கட்டான் என்று மாட்டிவிடுவாய். அவள் தலையை ஆட்டிக்கொண்டு வீடெல்லாம் நடப்பாள். ஒருநாள் பறிக்கப் போய் உள்ளங்காலில் முள் ஏறி முறிந்துவிட்டது. நான் ஊசியை எடுத்ததும் நீ ஊரைக் கூட்டினாய். சுபைதா மாமிதான் வந்து உன் காலைத் தன் மடியில் போட்டு, ஏதோ கதை சொல்லிச் சொல்லி, நீ அடுத்து என்ன என்று கேட்கிற நேரம் பார்த்து முள்ளை எடுத்தாள். ஆக உனக்கு அந்த மரம் தெரியாது என்று நீ சொல்ல முடியாது. அதன் பூ உனக்குத் தெரியும், முள் உனக்குத் தெரியும். பூவில்லாத ஒரு நாளில் போனைக் கேட்டாய், உன்னை நீ கேட்கவில்லை. எனக்கு இதுதான் ஆறவில்லை.

சுபைதா ராத்தா வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லவில்லை. படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றாள். பெக்கோ வந்து அவள் வேலியைப் புரட்டிக்கொண்டிருந்த நேரம், உன் கூட்டாளிகளுக்கு அவள்தான் பிளேன்டீயும் பனங்கட்டியும் கொண்டுவந்து கொடுத்தாள். படலையை மட்டும் நீங்கள் தொடவில்லை. அது அவளுடைய சொத்து, அதில் கைவைப்பது தவறு என்று நீயே பெக்கோக்காரனுக்குச் சொன்னாயாம். எவ்வளவு நியாயமான பிள்ளைகள்.

பிறகு நீ கொழும்புக்குப் போய்விட்டாய், கச்சான் காற்று எங்களுக்கு வந்தது. கற்பிட்டிப் பக்கத்துக் காற்றை உனக்குச் சொல்ல வேண்டுமா? வேலி நின்ற காலத்தில் அந்தக் காற்று அதில் மோதிப் பாதியாகித்தான் தோட்டத்துக்குள் வரும். இந்த முறை கடலில் இருந்து நேரே வந்தது. உப்பையும் கொண்டு வந்தது, மண்ணையும் கொண்டு வந்தது. வெங்காயத் தாள் நுனியிலிருந்து கருகிக்கொண்டு வந்ததை நான் யன்னலால் பார்த்தேன். காலையில் அவள் பாத்தியில் இருந்து மண்ணை அள்ளிக் கொட்டுவாள், பின்னேரம் அதே மண் திரும்பி வந்திருக்கும். மிச்சமிருந்ததைக் கழுதைகள் பார்த்துக்கொண்டன. முன்பெல்லாம் வேலிக்கு வெளியே நின்று முள்ளைப் பார்த்துவிட்டுப் போகும் கழுதைகள். இப்போது கூட்டமாய் வந்து மிளகாய்க் கன்றை மிதித்து, பீட்ரூட்டைக் கிளறி, கலியாண வீட்டில் போல நின்று தின்றன. நானும் அவளும் தடியெடுத்து விரட்டி விரட்டிக் களைத்துப்போனோம். அந்தப் போகம் முழுதாய்ப் போய்விட்டது.

இப்போது அவள் தோட்டம் சும்மா கிடக்கிறது. தன் தோட்டத்துக்கு ஆள் பிடித்து வேலை வாங்கிய சுபைதா, விடிய எழும்பி மற்றப் பெண்களோடு வான் வண்டியில் ஏறி, நுரைச்சோலைப் பக்கம் யாருடைய தோட்டத்திலோ வெங்காயம் பிடுங்கக் கூலிக்குப் போகிறாள். அசர் நேரத்துக்குத் திரும்பி வருகிறாள். நீ நோன்புப் பெருநாளைக்கும் வந்தாய், ஹஜ்ஜுப் பெருநாளைக்கும் வந்தாய். இரண்டு முறையும் அவள் வீட்டுக்கு முன்னால் போகாமல் பின்பக்க ஒழுங்கையால் சுற்றிப் பள்ளிக்குத் தொழப் போனாய். எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? அவளுக்கும் தெரியும். பெருநாள் வட்டிலப்பத்தை உனக்கென்று மூடி வைத்திருந்து, கடைசியில் என்னிடம் தந்து அனுப்பினாள். நீ அதையும் சாப்பிட்டாய்.

அந்த மரம் என்னதான் என்று எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. இந்த மழைக்கு, உங்கள் பெக்கோ துண்டு துண்டாய் நறுக்கிப் புதைத்த வேர்களிலிருந்து அது முளைக்கத் தொடங்கியது. வேலி நின்ற இடத்திலா? இல்லை, வெங்காயப் பாத்தியின் நட்ட நடுவில். ஒன்றில் பூவும் வந்தது. பூவோடு ஒரு கொப்பை வெட்டிச் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்து, பஸ் ஏறி, விவசாயத் திணைக்களக் கந்தோருக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த மிஸ் சிலாபத்துப் பக்கத்துக் கத்தோலிக்கப் பிள்ளை, சிங்களமும் தமிழும் ஒன்றுபோலக் கதைக்கிறாள். பெட்டியைத் திறந்ததும் அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. சிங்களத்தில் அந்தர என்றாள், தமிழில் விடத்தல் என்றாள். மன்னார்ப் பக்கம் விடத்தல்தீவு என்று ஓர் ஊரே இருக்கிறது. ஊருக்குப் பெயராகிப்போன மரத்தை நாம் முள் என்று கூப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம்.

அவள் அவசரப்படவில்லை. மேசையில் பேப்பரை விரித்து, எதை எதைப் பார்க்க வேண்டும் என்று காட்டினாள். சீமைக் கருவேலத்தில் முள் இலைக்காம்பின் அடியில் பெரும்பாலும் சோடியாய் வருமாம். விடத்தலில் சின்னக் கொப்பே நீண்டு, நுனியில் கூராகி, தானே முள்ளாகிவிடும். அந்த முள்ளின் மேலேயே இலை துளிர்த்திருந்தது, நான் கண்ணால் பார்த்தேன். சீமைக் கருவேலத்தின் காய் பயற்றங்காய் போல நீளமாய்த் தொங்கும், விடத்தல் காய் சுருண்டு ஒன்றோடொன்று பின்னிக் கொத்தாய்க் கிடக்கும். பூவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மற்றது முழுக்க ஒரே வெளிர்மஞ்சள், இது இரண்டு நிறம். அவரை, பயறு, புளி எல்லாம் சேர்ந்த குடும்பத்தில் இதுவும் ஒன்றாம், வேரால் மண்ணுக்கு உரம் கொடுக்கிற சாதியாம். வேலியோரத்து வெங்காயம் மட்டும் எப்போதும் கொழுத்து வளரும், சுபைதா ராத்தா அதைத் தன் கைராசி என்று பெருமையடிப்பாள். நான் இதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

கடைசியில் அந்த மிஸ் கேட்டாள்: "இது நம்மட நாட்டு மரம் அம்மா. நல்லா நிண்ட வேலிய ஆர் வெட்டச் சொன்னது?"

எனக்குப் பதில் தெரியும். பதில் என் வயிற்றில் பிறந்தது. ஆனாலும் "ஆரோ பொடியனுகள்" என்றேன். பெட்டியை மூடிக்கொண்டு வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன். இத்தனை வயதில், யாரென்று தெரியாத ஒரு பிள்ளைக்கு முன்னால், என் மகனை யாரோ என்று சொல்லிவிட்டு வருகிறேன். நீ மரத்தைத் தவறாகச் சொன்னாய், உன்னால் நான் உன்னையே தவறாகச் சொன்னேன். மரத்தை மாறிப் பிடித்ததற்காக நான் உன்னை ஏசவில்லை மகன், நன்றாக விளங்கிக்கொள். பிழை யாருக்கும் வரும். மாமியின் தோட்டம் அழிந்தது தெரிந்த பிறகும் பின்பக்க ஒழுங்கையால் போனாய் பார், அதற்குத்தான் ஏசுகிறேன்.

உன் வாப்பாவைப் பார். பெரிய பேச்சுக்காரர் இல்லை, கடலுக்குப் போய் வந்தால் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். நீ வயிற்றில் இருந்தபோது ஒருநாள் அவருடைய படகு எஞ்சினின் விசிறியில் சிக்கி வேறொருவருடைய வலை கிழிந்துபோனது. யாரும் பார்க்கவில்லை. அவர் வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றவில்லை, ஈரச் சாரத்தோடு நேரே அந்த மனிதரின் வாசலில் போய் நின்றார். அந்த மனிதர் ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி ஏசினார். ஏசி முடிகிற மட்டும் வாப்பா நின்றார். பிறகு வலையைத் தைத்துப் பொத்தித் தருகிறேன் என்று தூக்கிக்கொண்டு வந்து, இந்த வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பொத்தினார். அவருக்கு வெட்கமில்லையா? இருந்தது. அன்று முழுக்க என்னிடம் ஒரு சொல் கதைக்கவில்லை. வெட்கத்தோடுதான் போனார், அது குறைகிற மட்டும் காத்திருக்கவில்லை.

கலியாணம் முடிக்கப் போகிறவனுக்கு உம்மா புத்தி சொல்ல வேண்டுமாம், சொல்கிறேன். மதுரங்குளியில் இருந்து ஒரு பிள்ளை உன்னை நம்பி வரப்போகிறாள். அவளிடம் நீ பிழை விடுவாய், அவளும் விடுவாள். அந்த நேரம் சுற்றிப் போவதற்கு வீட்டுக்குள் பின்பக்க ஒழுங்கை கிடையாது. அடுப்படிக்குப் போனாலும் அவள் நிற்பாள், படுக்கப் போனாலும் அவள் நிற்பாள். ஒரு காணி தள்ளி இருக்கும் மாமியின் முகத்தைப் பார்க்கப் பயந்தவன் அங்கே என்ன செய்வாய் என்று நினைத்தால் எனக்கு அந்தப் பிள்ளையை நினைத்துத்தான் கவலையாக இருக்கிறது.

சுபைதா ராத்தா உன்னைப் பற்றி எவரிடமும் ஒரு குறை சொன்னதில்லை. நானே தாங்காமல் ஒருநாள், ஏன் இப்படி வாயை மூடிக்கொண்டு இருக்கிறீங்க, ரெண்டு வார்த்தை ஏசினால் என்ன என்று கேட்டேன். "எங்கட புள்ளதானே தங்கச்சி செஞ்சது. வேற ஆரும் வந்து செஞ்சிருந்தா நான் உட்டிருப்பனா" என்றாள். சொல்லிவிட்டு, "ஒரு நாளைக்கு வந்து மாமி எண்டு கூப்புட்டா போதும்" என்று மெல்லச் சொன்னாள். அவள் உன்னிடம் கேட்பது அவ்வளவுதான். அதையும் மிச்சம் பிடித்து, கார்ட்டைக் கொடுத்தனுப்பச் சொல்கிறாய்.

ஆகவே இப்படிச் செய்வோம். எல்லா வீட்டுக்கும் நானும் வாப்பாவும் போய்ச் சொல்வோம். அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் நாங்கள் போகமாட்டோம். நீ போவாய். மாப்பிள்ளை தானே போய்த் தன் கலியாணத்தைச் சொல்கிற வழக்கம் நம் ஊரில் இல்லை என்பாய். இல்லைதான். வேலியைப் பிடுங்குகிற வழக்கமும் இருக்கவில்லை. நீ போய்ச் சொல்லாமல் நான் ஒரு வீட்டுக்கும் கலியாணம் சொல்லப் புறப்பட மாட்டேன், உன் மாமனார் வீட்டில் காரணம் கேட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு. கேக் பெட்டி, பழப் பெட்டி ஒன்றும் கொண்டுவராதே. பழைய உடுப்பு ஒன்று கொண்டுவா. பாத்தியின் நடுவில் நிற்கும் விடத்தல் கன்றுகளை வேரோடு தோண்டி, வேலி நின்ற வரிசையில் நட வேண்டும். எல்லாம் பிழைக்காது என்று மிஸ் சொன்னாள், பிழைப்பது போதும். அது ஆள் உயரம் வர வருடக்கணக்காகும். அதுவரை காற்றுக்கு மறைப்பாகத் தென்னோலைக் கிடுகு கட்டுவதும் உன் வேலைதான், வாப்பா கம்பு வெட்டி வைத்திருக்கிறார். கை கிழியும். கையுறை போட்டுப் படம் எடுக்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு வேலை இல்லை, வீட்டில் இருப்பாள். ஜும்ஆ முடிந்து நேரே போ. இப்போது அந்தக் காணிக்குள் எந்தப் பக்கத்தாலும் நடந்து போகலாம், ஊர்ச் சனமும் கழுதைகளும் அப்படித்தான் போகின்றன. நீங்கள் பெரிய மனது பண்ணி விட்டுவைத்த அந்தப் படலை மட்டும் இரண்டு குற்றிகளில் தனியாய் நிற்கிறது. சுபைதா ராத்தா காலையில் வானுக்குப் போகும்போது அதைத் திறந்து, வெளியே வந்து, திரும்பிக் கொண்டியைப் போட்டுவிட்டுத்தான் போகிறாள். பின்னேரம் வந்து கொண்டியைக் கழற்றித்தான் உள்ளே போகிறாள். பார்த்தவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு அந்த நேரம் அடுப்படி யன்னலில் நிற்க முடிவதில்லை, அழுகை வருகிறது.

நீ அந்தப் படலையால் போ. வெளியே நின்று சலாம் சொல், மாமி என்று கூப்பிடு. இரண்டு பக்கமும் வெட்டவெளி, அவள் முற்றத்தில் நின்று உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள், நீயும் அவளைப் பார்ப்பாய். இருந்தாலும் ஓர் அடி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ வைக்காதே. அவள் நடந்து வந்து, தன் கையால் கொண்டியைக் கழற்றுகிற மட்டும் அங்கேயே நில்.

உம்மா